பொறுக்க வேண்டிய காலம், பொறுக்கக் கூடாத அறிகுறி: வளரிளம் பெண்ணின் சினைப்பையும் ஹார்மோன்களும்

மகள் வயதுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருக்கும். மாதவிடாய் தள்ளித் தள்ளி வரும். உறவில் யாரோ சொன்னார்கள் என்று ஒரு ஸ்கேன் எடுக்கிறோம். "ஓவரி கொஞ்சம் பெருசா இருக்கு, நீர்க்கட்டி இருக்கு" என்று சொல்லி அறிக்கையைக் கையில் கொடுக்கிறார்கள். அன்று இரவு வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. நாளை இவளுக்குக் கல்யாணம் ஆகுமா, குழந்தை பிறக்குமா என்று பதினான்கு வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு கவலைப்படத் தொடங்கிவிடுகிறோம்.

இன்னொரு வீட்டில் மகளுக்கு ஒவ்வொரு மாதமும் பத்து நாள் ரத்தம் போகிறது. மூச்சு வாங்குகிறது, முகம் வெளுத்திருக்கிறது. "எனக்கும் அந்த வயசுல இப்படித்தான். கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று அம்மாவும் பாட்டியும் விட்டுவிடுகிறார்கள்.

முதல் வீடு அவசரப்பட்டது. இரண்டாம் வீடு தாமதித்தது. இந்த இரண்டுக்கும் நடுவே சரியான இடத்தில் நிற்க உங்களுக்கு உதவுவதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை. பதின்வயதில் சினைப்பையின் நலத்தை ஒரு நாள் எடுத்த ஸ்கேனோ ஒரு ரத்தப் பரிசோதனையோ முழுவதுமாகச் சொல்லிவிடாது. ஆறு மாதத் தேதிகளும் சில வெளிப்படையான அறிகுறிகளும் அதைவிட அதிகம் சொல்லும்.

சினைப்பை வேலை பழகும் காலம்

பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் இரு சினைப்பைகளிலும் சேர்த்து சுமார் 10 முதல் 20 லட்சம் முட்டைகள் இருக்கின்றன. வயதுக்கு வரும் காலத்தில் அது 3 - 4 லட்சமாகக் குறைந்திருக்கும். வாழ்நாள் முழுவதிலும் முதிர்ந்து வெளிவருபவை சுமார் 400 முதல் 500 மட்டுமே. மற்றவை தாமாகவே கரைந்துபோகும். அது இயற்கையின் ஏற்பாடு.

எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வயதுக்குள் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி விட்டுவிட்டுச் சிறு துடிப்புகளாக ஒரு ஹார்மோனைச் சுரக்கத் தொடங்குகிறது. அதைக் கேட்டு, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.எச்., எல்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது. அவை சினைப்பையை எழுப்புகின்றன. சினைப்பை ஈஸ்ட்ரோஜெனைச் சுரக்கிறது. முதலில் மார்பு அரும்பும். பிறகு உயரம் வேகமாகக் கூடும். மார்பு அரும்பியதிலிருந்து சுமார் இரண்டு, இரண்டரை ஆண்டில் முதல் மாதவிடாய் வரும்.

முதல் மாதவிடாய் வந்துவிட்டதாலேயே முட்டை வெளிவருவது ஒழுங்காகிவிட்டது என்று ஆகாது. முட்டை வெளிவர எல்.எச். திடீரென்று உச்சத்துக்கு ஏற வேண்டும். அந்தச் செய்திப் போக்குவரத்து பழகச் சில ஆண்டுகள் ஆகும். முட்டை வெளிவந்தால்தான் சினைப்பை புரோஜெஸ்டிரோனைச் சுரக்கும். அதுதான் கர்ப்பப்பையின் உள்சவ்வை ஒழுங்காக வைத்திருந்து, சுமார் பதினான்கு நாளில் உரிய நேரத்தில் உதிரச் செய்யும். முட்டை வெளிவராத மாதங்களில் ஈஸ்ட்ரோஜென் மட்டும் வேலை செய்துகொண்டிருக்கும். சவ்வு தடித்துக்கொண்டே போகும். தாமதமாக, சில சமயம் அதிகமாக உதிரும். ஆரம்ப காலத்தில் மாதவிடாய் தள்ளிப்போவதற்கும் சில மாதங்களில் அதிகமாகப் போவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

எது இயல்பு?

மகளின் வயதை வைத்துக் கணக்கிடாதீர்கள். முதல் மாதவிடாய் வந்த நாளிலிருந்து எத்தனை காலம் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். முதல் மாதவிடாய் தேதியை வீட்டில் எழுதி வையுங்கள். மஞ்சள் நீராட்டு விழா நடந்த வீடுகளில் அழைப்பிதழைப் பார்த்தே ஏறக்குறைய அந்தத் தேதியைச் சொல்லிவிடலாம்.

• முதல் ஓராண்டு: ஒழுங்கற்று வருவது இயல்பு. ஆனாலும் 90 நாளுக்கு மேல் இடைவெளி போனால் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.
• ஓராண்டு முடிந்து மூன்றாண்டு வரை: ஒரு மாதவிடாயின் முதல் நாளிலிருந்து அடுத்ததன் முதல் நாள் வரை 21 முதல் 45 நாள் இயல்பு.
• மூன்றாண்டு கடந்தபின்: 21 முதல் 35 நாள். ஆண்டுக்கு எட்டு முறைக்குக் குறைவாக வந்தால் கவனிக்க வேண்டும்.
• ஓராண்டு கடந்த எந்தப் பெண்ணுக்கும் ஒரே ஒரு இடைவெளிகூட 90 நாளைத் தாண்டக் கூடாது.
• ரத்தப்போக்கு 2 முதல் 7 நாள். நாளைக்கு 3 முதல் 6 நாப்கின்.

அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் கழகம் 2015-ல் வெளியிட்ட கருத்துரை ஒன்று, வளரிளம் பெண்ணின் மாதவிடாய்ச் சுழற்சியை நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் போன்ற உயிர்க்குறிகளோடு சேர்த்துப் பார்க்கும்படி மருத்துவர்களுக்குச் சொன்னது. ஆகவே தேதி கேட்பதை வீட்டில் வெட்கப்படும் விஷயமாக ஆக்கிவிட வேண்டாம்.

தேதிக் குறிப்பேடு

ஒரு சிறு நோட்டு போதும். சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் புள்ளி வைத்தாலும் போதும். ஆனால் அந்தக் குறிப்பு மகளுடையதாக இருக்கட்டும். அவளே எழுதட்டும். ஒவ்வொரு முறையும் நான்கு விஷயங்கள்: தொடங்கிய தேதி, முடிந்த தேதி, அதிகம் போன நாளில் எத்தனை நாப்கின், வலிக்காகப் பள்ளிக்கு விடுப்பு எடுத்தாளா இல்லையா.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். பதினான்கு வயதுப் பெண். வயதுக்கு வந்து ஒன்றரை ஆண்டு. ஜனவரி 6, பிப்ரவரி 14, மார்ச் 22, மே 3, ஜூன் 11 என்று எழுதியிருக்கிறாள். "ஏப்ரல் மாசம் வரவே இல்லையே!" என்று அம்மா பதறுவார். இடைவெளியை எண்ணிப் பாருங்கள்: 39, 36, 42, 39 நாள். நான்குமே 45-க்குள். ஏப்ரலில் வராதது காலண்டரின் விளையாட்டு. அவள் உடம்பு தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. இவளுக்கு இப்போது ஸ்கேனும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம்.

அதே வயதில் இன்னொரு பெண். ஜனவரி 6, மார்ச் 12, மே 28. இடைவெளி 65 நாள், 77 நாள். அதோடு தாடையில் கரடுமுரடான முடி, தழும்பு விழும் அளவுக்குப் பருக்கள். இவளைக் காத்திருக்கச் சொல்லக் கூடாது. மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

திருவிழா, கோயில் பயணம், வீட்டு விசேஷம் என்று மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரையை மருந்துக் கடையில் தாமாக வாங்கிக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பெரும்பாலும் அது நாரெத்திஸ்டிரோன் என்ற செயற்கை ஹார்மோன். நிறுத்தினால் சில நாளில் ரத்தம் வரும். அது மருந்தால் வந்தது; சினைப்பையின் சுழற்சியைக் காட்டாது. மருத்துவர் சீட்டு இல்லாமல் அதைக் கொடுக்காதீர்கள். மருத்துவர் சொல்லிக் கொடுத்திருந்தால் அந்த மாதத்தை நோட்டில் தனியாகக் குறித்து வையுங்கள்.

ஸ்கேன் அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது?

"பல்க்கி ஓவரீஸ்", "மல்டிபிள் பெரிஃபரல் ஃபாலிக்கிள்ஸ்", "பி.சி.ஓ. மார்ஃபாலஜி." அறிக்கையின் கடைசிப் பத்தியில் தடித்த எழுத்தில் இந்த மூன்றில் ஒன்று இருக்கும். இவை சொல்வது இவ்வளவுதான்: சினைப்பை வளர்ந்தவர்களுக்குரிய அளவைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கிறது, அதன் ஓரத்தில் பல சிறு முட்டைப்பைகள் தெரிகின்றன. ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர் அளவு. உள்ளே வளரத் தொடங்கி நின்றுவிட்ட முட்டை இருக்கும். அவற்றைக் குத்தி எடுக்கவோ கரைக்கவோ தேவையில்லை.

வளரிளம் பருவத்தில் சினைப்பை இயல்பாகவே இப்படித்தான் தெரியும். ஒரு நோயும் இல்லாத பெண்களிடமும் இதே தோற்றம் பரவலாகக் காணப்படுகிறது. அதனால்தான் பி.சி.ஓ.எஸ். (பி.சி.ஓ.டி. என்றும் சொல்லப்படும் சினைப்பை நீர்க்கட்டி நோய்) குறித்த சர்வதேச வழிகாட்டுதல் 2018-லேயே, முதல் மாதவிடாய் வந்து எட்டு ஆண்டு ஆகும் வரை அந்த நோயைக் கண்டறிய ஸ்கேனைப் பயன்படுத்த வேண்டாம் என்றது. 2023-ல் வந்த திருத்திய பதிப்பு, ஏ.எம்.எச். என்ற ஹார்மோனுக்கான ரத்தப் பரிசோதனையையும் வளரிளம் பெண்களுக்கு இந்த நோக்கில் செய்ய வேண்டாம் என்று சேர்த்துச் சொன்னது. பன்னிரண்டு வயதில் வயதுக்கு வந்த பெண்ணுக்கு இருபது வயது வரை, ஸ்கேனை மட்டும் வைத்துக்கொண்டு "உனக்கு பி.சி.ஓ.டி." என்று சொல்ல முடியாது.

அப்படியென்றால் ஸ்கேனே தேவையில்லையா? தேவைப்படும் இடங்கள் உண்டு: ஒரு பக்கமாகக் கடும் வலி, வயிற்றில் கட்டி தட்டுப்படுவது, வயதுக்கே வராமல் இருப்பது, கட்டுக்கடங்காத ரத்தப்போக்கு. வளரிளம் பெண்களுக்கு அடிவயிற்றின் மேல் வைத்தே ஸ்கேன் எடுப்பார்கள். நிறையத் தண்ணீர் குடித்து சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும். இதை மகளிடம் முன்பே சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

ஹார்மோன் பரிசோதனை: எண்ணை நம்பும் முன்

ஹார்மோன் அளவு நாளுக்கு நாள், நேரத்துக்கு நேரம் மாறும். தவறான நாளில் எடுத்த ரத்தம் தவறான பயத்தைத் தரும். மருத்துவர் பரிசோதனை எழுதிக் கொடுத்தால் இவற்றைக் கவனியுங்கள்.

• எஃப்.எஸ்.எச்., எல்.எச்., ஈஸ்ட்ரடையால்: மாதவிடாய் தொடங்கிய 2-ம் நாளிலிருந்து 5-ம் நாளுக்குள். பல மாதமாக வராதவர்களுக்கு எந்த நாள் என்று மருத்துவர் சொல்வார்.
• 17-ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன்: இதுவும் அதே நாட்களில், காலை எட்டு மணி வாக்கில். அட்ரீனல் சுரப்பியின் பிறவிக் கோளாறு ஒன்று பி.சி.ஓ.எஸ். போலவே தோன்றும். அதைப் பிரித்தறிய இது உதவும்.
• டெஸ்டோஸ்டிரோன்: காலையில். பெண் உடம்பிலும் இது இருக்க வேண்டிய ஹார்மோன்தான்; அளவு கூடும்போதுதான் சிக்கல்.
• புரோலாக்டின்: தூங்கி எழுந்தவுடன் எடுக்கக் கூடாது. எழுந்து இரண்டு மூன்று மணி நேரம் ஆகட்டும். பஸ் பிடித்து ஓடி வந்தால் சிறிது நேரம் உட்கார்ந்து ஆசுவாசப்படுத்திக்கொள்ளட்டும். ஊசிப் பயமே இதை உயர்த்திவிடும். சற்று உயர்ந்திருந்தால் மறுபடி ஒருமுறை எடுத்துப் பார்ப்பது வழக்கம்.
• டி.எஸ்.எச். (தைராய்டு பரிசோதனை): எந்த நாளிலும் எடுக்கலாம்.

அறிக்கை வந்ததும் மூன்று விஷயம் பாருங்கள். முதலாவது, அலகு. ஒரு லேபில் டெஸ்டோஸ்டிரோன் 40 என்றும் இன்னொரு லேபில் 1.4 என்றும் வரலாம். முன்னது டெசிலிட்டருக்கு நானோகிராம், பின்னது லிட்டருக்கு நானோமோல். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. இரண்டாவது, பக்கத்தில் அச்சிட்டிருக்கும் இயல்பளவு பெரும்பாலும் வளர்ந்த பெண்களுக்கானது. மகளின் வயதுக்கு அது பொருந்துமா என்று கேளுங்கள். மூன்றாவது, மருந்து. முடி கொட்டுவதற்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடும் பெண்களுக்குத் தைராய்டு உட்படப் பல பரிசோதனைகள் தவறாகக் காட்டலாம். ரத்தம் கொடுப்பதற்குச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டும். ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறாள் என்றால் டெஸ்டோஸ்டிரோன் அளவை நம்ப முடியாது.

எல்.எச்.சும் எஃப்.எஸ்.எச்.சும் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருந்தால் பி.சி.ஓ.எஸ். என்று முன்பு சொல்லி வந்தார்கள். இப்போது அந்தக் கணக்கை நோயறியப் பயன்படுத்துவதில்லை. அந்த விகிதத்தைப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

உண்மையிலேயே பி.சி.ஓ.எஸ். என்றால்

வளரிளம் பெண்ணுக்கு இதை உறுதிசெய்ய இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஒன்று, மேலே சொன்ன வரம்பைத் தாண்டிய ஒழுங்கற்ற மாதவிடாய். இரண்டு, ஆண் ஹார்மோன் மிகுதி: தாடை, மேலுதடு, மார்பு, அடிவயிற்றில் கரடான முடி, மருந்துக்கு அடங்காத கடும் பருக்கள், அல்லது ரத்தத்தில் உயர்ந்த டெஸ்டோஸ்டிரோன். தைராய்டு, புரோலாக்டின், அட்ரீனல் கோளாறுகள் இல்லை என்றும் உறுதிசெய்ய வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால், "வரக்கூடிய வாய்ப்பு இருக்கிறது" என்று குறித்துவைத்து, அறிகுறிக்கு மருத்துவம் பார்த்து, சில ஆண்டு கழித்து மறுபடி சோதிப்பார்கள். இந்தப் பொறுமை மகளை ஒரு முத்திரையிலிருந்து காப்பாற்றுகிறது.

இன்னொரு அடையாளத்தையும் பாருங்கள். பின்கழுத்து, அக்குளில் தோல் கறுத்து, வெல்வெட் துணிபோலத் தடித்திருக்கும். "அழுக்கு, நல்லா தேச்சுக் குளி" என்று பீர்க்கங்கூட்டால் தேய்த்துவிடுவோம். தோல்தான் புண்ணாகும், கறுப்பு போகாது. அது பெரும்பாலும் உடம்பில் இன்சுலின் கூடுதலாகச் சுரப்பதைக் காட்டும். கூடுதல் இன்சுலின், சினைப்பையை அதிக டெஸ்டோஸ்டிரோன் சுரக்கத் தூண்டுகிறது. டெஸ்டோஸ்டிரோனைக் கட்டிவைக்கும் புரதத்தைக் கல்லீரல் சுரப்பதையும் குறைக்கிறது. இரண்டும் சேர்ந்து பருவையும் முடியையும் கூட்டுகின்றன. இப்படிப்பட்ட பெண்களுக்குச் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் பார்ப்பது அவசியம்.

மருத்துவத்தில் முதல் இடம் உணவுக்கும் உடற்பயிற்சிக்கும். எடை கூடுதலாக இருக்கும் பெண்ணுக்கு ஐந்து சதவீதம் எடை குறைந்தாலே சுழற்சி சீராகத் தொடங்கலாம். 70 கிலோ என்றால் மூன்றரைக் கிலோ. எடை சரியாக இருப்பவர்களுக்கும் பி.சி.ஓ.எஸ். வரும் என்பதால், "கண்டதைத் தின்னு இப்படி ஆயிட்ட" என்று யாரையும் குற்றம் சொல்லாதீர்கள். இந்தப் பெண்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் அதிகம் வருகின்றன. வீட்டுப் பேச்சு அதைக் கூட்டக் கூடாது.

தேவைப்பட்டால் ஈஸ்ட்ரோஜெனும் புரோஜெஸ்டின் வகை ஹார்மோனும் கலந்த மாத்திரை தருவார்கள். கருத்தடைக்கும் அதே மாத்திரைதான் என்று தெரிந்ததும் பல அம்மாக்கள் அதிர்ந்து, வாங்காமலே வந்துவிடுகிறார்கள். இங்கே அது சவ்வு தடிக்காமல் காக்கவும் ஆண் ஹார்மோனைக் குறைக்கவும் தரப்படுகிறது. கர்ப்பப்பையைக் கெடுக்காது. நிறுத்தினால் அதன் விளைவு நீங்கிவிடும். கண்முன் மின்னல் தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலியோ, குடும்பத்தில் இளம் வயதில் ரத்தம் உறைந்த நோயோ இருந்தால் மட்டும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முடி குறைவது தெரிய ஆறு மாதமாவது ஆகும்.

குழந்தை பிறக்குமா என்ற கேள்விக்கு நேரடியான பதில்: பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களில் பெரும்பாலானோர் தாயாகிறார்கள். சிலருக்கு முட்டை வெளிவர மருந்து தேவைப்படும். பதினைந்து வயதில் அந்தக் கவலையை மகள் தலையில் ஏற்ற வேண்டியதில்லை. அவசரக் கல்யாணம் இதற்கு மருந்தாகாது.

ரத்தம் அதிகமாகப் போனால்

ஒன்று, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைவது, ஏழு நாளைத் தாண்டுவது, பெரிய கட்டிகளாகப் போவது, இரவில் படுக்கை நனைவது ஆகிய எதையும் "உடம்புச் சூடு" என்று தள்ளாதீர்கள். பெரும்பாலும் முட்டை வெளிவராததுதான் காரணம். ஆனால் முதல் மாதவிடாயிலிருந்தே அப்படிப் போனால், பிறவியிலேயே ரத்தம் உறையாமை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடிக்கடி மூக்கில் ரத்தம், பல் பிடுங்கியபோது நிற்காத ரத்தம், லேசாக இடித்தாலும் கன்றிப்போவது ஆகியவற்றை மருத்துவரிடம் சொல்லுங்கள். பின்லாந்து மருத்துவர் எரிக் ஃபான் வில்லிபிராண்டு 1926-ல் இத்தகைய நோய் ஒன்றை முதன்முதலில் விவரித்தார். அவர் ஆராய்ந்த குடும்பத்துச் சிறுமி, நான்காவது மாதவிடாயின்போது ரத்தப்போக்காலேயே இறந்துபோனாள். இன்று அந்த நோயைக் கண்டறியப் பரிசோதனையும் உண்டு, மருந்தும் உண்டு.

ரத்தப்போக்கு சாதாரணமாக இருந்தாலும் ரத்தசோகையை மறக்காதீர்கள். 2019 - 21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் அது குறைவு. அரசுப் பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையை மகள் வாயில் போடுகிறாளா, பையில் போடுகிறாளா என்று அன்போடு கேளுங்கள். வயிற்றைப் புரட்டுகிறது என்பாள். வெறும் வயிற்றில் வேண்டாம், மதியச் சாப்பாட்டுக்குப் பின் போடச் சொல்லுங்கள்.

மாதவிடாய் வராத பெண், வந்து நின்றுபோன பெண்

பதின்மூன்று வயதாகியும் மார்பு அரும்பவில்லை என்றாலோ, பதினைந்து வயதாகியும் மாதவிடாய் வரவில்லை என்றாலோ, மார்பு அரும்பி மூன்றாண்டு கடந்தும் வரவில்லை என்றாலோ மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வகுப்பிலேயே மிகக் குள்ளமாகவும் இருந்தால் டர்னர் குறைபாடாக இருக்கக்கூடும். பிறக்கும் பெண் குழந்தைகளில் சுமார் 2,000 - 2,500 பேரில் ஒருவருக்கு இது வருகிறது. சீக்கிரம் கண்டறிந்தால் உயரத்துக்கும் எலும்புக்கும் மருத்துவம் பார்க்க முடியும். மாதவிடாய் வராமலேயே மாதாமாதம் அடிவயிறு வலித்தால், ரத்தம் வெளியேறும் வழி அடைபட்டிருக்கலாம். சிறு அறுவைச் சிகிச்சையில் சரியாகிவிடுவதும் உண்டு.

ஒழுங்காக வந்துகொண்டிருந்தது நின்றுபோனால் வேறு கேள்விகள் வரும். தேர்வுக்காக இரவு பகலாக விழிக்கிறாளா? ஒல்லியாக வேண்டும் என்று சாப்பாட்டைத் தள்ளுகிறாளா? தடகளம், கபடி என்று கடும் பயிற்சியில் இருந்துகொண்டு போதுமான அளவு சாப்பிடுவதில்லையா? ஆற்றல் போதாது என்று உணர்ந்தால் மூளையே சினைப்பைக்கு அனுப்பும் செய்தியை நிறுத்திவிடும். ஈஸ்ட்ரோஜென் குறைந்தால் எலும்பு பலவீனப்படும். வாழ்நாளுக்கான எலும்புச் சேமிப்பு நடப்பது இந்த வயதில்தான். வலிப்புக்குத் தரும் வால்புரோயேட், மனநலத்துக்குத் தரும் ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகளும் சுழற்சியை மாற்றலாம். அவற்றைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் பேசுங்கள்.

தைராய்டு குறைவும் சினைப்பையைப் பாதிக்கும். மிகக் கடுமையாகக் குறைந்தால் சில சிறுமிகளுக்குச் சினைப்பையில் பெரிய கட்டிகளே உருவாகும். தைராக்ஸின் மாத்திரையைச் சரியாகச் சாப்பிட்டால் அவை சுருங்கிவிடும். அறுவைச் சிகிச்சைக்கு ஒத்துக்கொள்ளும் முன் டி.எஸ்.எச். பார்த்தாகிவிட்டதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஓட வேண்டிய நேரம்

திடீரென்று அடிவயிற்றில் ஒரு பக்கம் வெட்டி இழுப்பதுபோல் வலி, கூடவே வாந்தி. இது சினைப்பை முறுக்கிக்கொண்டதால் இருக்கலாம். முறுக்கிய சினைப்பைக்கு ரத்தம் போகாது. மணிக்கணக்கில் தாமதித்தால் அதை இழக்க நேரும். ஓமத் தண்ணீர், வெந்தயம், வலி மாத்திரை என்று வீட்டில் பொழுது கழிக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். ஸ்கேனும் அறுவைச் சிகிச்சையும் உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். முறுக்கை அவிழ்த்தபின் சினைப்பை கறுத்துத் தெரிந்தாலும் பெரும்பாலும் மீண்டுவிடும் என்பதால், இந்த வயதில் அதை எடுக்காமல் விடவே இன்றைய மருத்துவம் சொல்கிறது. ஒப்புதல் கையெழுத்துப் போடும்போது, "டாக்டர், முடிஞ்சவரைக்கும் சினைப்பையைக் காப்பாத்துங்க" என்று சொல்லத் தயங்காதீர்கள்.

மயக்கம், மணிக்கு ஒரு நாப்கின் நனைவது ஆகியவையும் அவசரங்களே.

மாதவிடாய் நாளின் சாதாரண வலி வேறு. மருத்துவர் சொன்ன அளவில், சாப்பிட்டபின், வலி தொடங்கியவுடனேயே மாத்திரை போட்டால் நன்றாகக் கேட்கும். வலி தாங்க முடியாத அளவு ஏறிய பிறகு போட்டால் அவ்வளவாகக் கேட்காது. சரியாகப் போட்டும் மூன்று மாதமாக வலி அடங்கவில்லை, மாதாமாதம் பள்ளிக்கு விடுப்பு என்றால், எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளர்வது) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுப்படியும் மைதானமும்

வயதுக்கு வந்த பெண்ணுக்கு உளுந்தங்களி, நல்லெண்ணெய், முட்டை கொடுப்பது நம் வழக்கம். உளுந்து புரதம் தரும். முட்டையும் நல்ல உணவு. முட்டையைப் பச்சையாகக் கொடுக்காமல் வேகவைத்துக் கொடுங்கள். அப்போது கிருமி பயம் இல்லை. ஆனால் களி ஹார்மோனைச் சரிசெய்யும் என்று நம்பி மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடக் கூடாது. எடை கூடிய பெண்ணுக்கு தினமும் எண்ணெயும் கருப்பட்டியும் சேர்த்து ஊட்டுவதும் வேண்டாம்.

தட்டில் சோறு பாதியாகட்டும். மீதி இடத்தைக் காய், கீரை, சுண்டல், பருப்பு, முட்டை, மீன் நிரப்பட்டும். மாலையில் பப்ஸும் குளிர்பானமும் இருந்த இடத்தில் வேர்க்கடலையோ கொய்யாவோ வரட்டும். முருங்கைக்கீரைப் பொரியலோடு எலுமிச்சை பிழிந்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் அவ்வளவாகச் சேராது.

வளரும் பிள்ளைகளுக்கு தினமும் சராசரியாக 60 நிமிடம் உடல் உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் ஊரில் பெண்பிள்ளை வயதுக்கு வந்த அன்றே விளையாட்டை நிறுத்திவிடுகிறோம். சைக்கிளை ஓரம் கட்டிவிடுகிறோம். அதைத் திரும்பக் கொடுங்கள். சினைப்பைக்கு நீங்கள் வாங்கித் தரக்கூடிய எந்தச் சத்துமாவைவிடவும் அது பெரிது. எட்டு மணி நேரமாவது தூங்கட்டும்.

மருத்துவரிடம் போகும்போது

நோட்டு, பழைய அறிக்கைகள், சாப்பிடும் எல்லா மருந்துகளின் அட்டைகள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் சிறிது நேரம் மகளிடம் தனியாகப் பேச விரும்பினால் வெளியே காத்திருங்கள். மாதவிடாய் தள்ளிப்போகும்போது கர்ப்பப் பரிசோதனை செய்வது மருத்துவ ஒழுங்கு. அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

• இவள் வயதுக்கு வந்து இத்தனை காலம் ஆகிறது. அதற்கு இது இயல்பா?
• இந்தப் பரிசோதனை எதற்கு? இதன் முடிவால் மருத்துவம் மாறுமா?
• தைராய்டு, புரோலாக்டின், ஹீமோகுளோபின் பார்த்தாகிவிட்டதா?
• இந்த மாத்திரை எத்தனை மாதம்? எப்போது மறுபடி வர வேண்டும்?

எங்கே போவது என்று தெரியவில்லை என்றால் தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனை கேட்கலாம்.

இந்த மாதமே தொடங்குங்கள். நோட்டை வாங்கி மகள் கையில் கொடுங்கள். மேலே சொன்ன 45 நாள், 90 நாள், ஏழு நாள் என்ற மூன்று வரம்புகளையும் முதல் பக்கத்தில் அவளையே எழுதச் சொல்லுங்கள். நாளை விடுதியில் தங்கிப் படிக்கும்போதும் வேலைக்காக வெளியூர் போகும்போதும் நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள். தன் சுழற்சியைத் தானே எண்ணி, எது இயல்பு, எதற்கு மருத்துவரிடம் போக வேண்டும் என்று கூச்சமில்லாமல் சொல்லத் தெரிந்த பெண்ணை யாரும் ஓர் அறிக்கையைக் காட்டிப் பயமுறுத்த முடியாது. "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று சொல்லி உட்கார வைக்கவும் முடியாது.